வீட்டு மாதிரி ரயில் அமைப்பு

நிஜ ரயில் பாதையையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிப் பலகைமேல் அமைப்பது. பரவலாக வழங்கும் எச்.ஓ. அளவில் விகிதம் 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. எஞ்சினும் பெட்டிகளும் இந்தக் கணக்குக்குக் கச்சிதமாக வந்துவிடும், வராதது வளைவு. இந்திய அகல ரயில் பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர். ரயில் சுற்றித் திரும்ப 4 மீட்டர் அகலம் வேண்டும். நம் படுக்கையறைகள் பல அவ்வளவு அகலம் இல்லை. கடையில் வாங்கும் வளைவுத் துண்டுகளிலோ 36 செ.மீ. ஆரமே சகஜம். நிஜ அளவில் அது 31 மீட்டர். எந்த எக்ஸ்பிரஸும் அதில் நுழையாது. ஆகவே, வீட்டு அமைப்பைத் திட்டமிடுவது என்பது பொய்யை எங்கே ஒளிப்பது என்று முடிவுசெய்வதுதான்.

1:160 விகிதமுள்ள ‘என்’ (N) அளவுக்கு மாறினால் தீராதா என்று கேட்கலாம். அங்கும் உண்மையான வளைவுக்கு 1.1 மீட்டர் ஆரம் தேவை; சிக்கல் குறையுமே தவிர ஒழியாது. விகிதம் தவறினால் அது வெறும் பொம்மைதானே என்பது இன்னொரு வாதம். கண் அளவுகோல் பிடித்துப் பார்ப்பதில்லை. வளைவின் வெளிப்புறத்தில் நின்றால் நீளமான பெட்டிகளுக்கிடையே இடைவெளி அகன்று தெரியும். உட்புறத்திலிருந்து பார்த்தால் அதே ரயில் இயல்பாகத் தோன்றும். எனவே கூர்மையான வளைவை மலைக்குள்ளோ கட்டடத்துக்குப் பின்னாலோ தள்ளி, அகன்ற வளைவைப் பார்வையாளர் பக்கம் வைப்பதே தேர்ந்தவர் வழக்கம். சுரங்கப்பாதைக்குள் கை நுழைய வழி விடாவிட்டால், தடம்புரண்ட பெட்டியை எடுக்க மலையையே பெயர்க்க வேண்டிவரும்.