உரையும் சான்றும்: முல்லைப்பாட்டு ஆராய்ச்சியை முன்வைத்து

சிட்லபாக்கத்தை அடுத்த தாம்பரத்தில் 1937 முதல் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அதற்கு முன் நகருக்குள் இருந்தது. அங்கு 1898இல் தமிழாசிரியராகச் சேர்ந்தவர் வேதாசலம், பின்னாளைய மறைமலையடிகள். அவருடைய முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை (1903) வகுப்பறைத் தேவையை ஒட்டி எழுந்தது.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளை உடையது. நச்சினார்க்கினியர் ‘மாட்டு’ என்னும் முறையால் அகன்று கிடக்கும் அடிகளைக் கொண்டுகூட்டிப் பொருளுரைத்தார். அடிகளார் இதனை மறுத்து, செய்யுள் நடந்த முறையிலேயே பொருள் இயைவதைக் காட்ட முயன்றார். உரையாசிரியரின் பெருமை சான்றாகாது, மூலமே சான்று என்பது இதனால் மாணவர்க்குப் புலனாகும்.

ஆயினும் மாட்டு என்பது தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் ஒன்று. எனவே நச்சினார்க்கினியர் ஆதாரமின்றி உரைத்தார் எனல் பொருந்தாது. ஒருவர் இலக்கண விதியையும் மற்றவர் அடிவைப்பையும் சான்றாகக் கொண்டனர். எது வலிய சான்று என்பதே வினா.

இன்றைய மாணவர் பலர் இவ்விருவருள் ஒருவர் முடிவை மேற்கோளாக்கி அமைகின்றனர். மேற்கோள் வேறு, சான்று வேறு. இரண்டு உரைகளையும் மூலத்தோடு அடிதோறும் ஒப்பிட்டு, எக்கூற்றை எவ்வடி தாங்குகிறது எனக் குறிக்கச் செய்வதே ஆய்வுப் பயிற்சியின் தொடக்கமாதல் வேண்டும்.