அலைவாய்க் காவலர்

பள்ளி விடுமுறை ஒன்றில் எம் தோட்டப் பள்ளி மாணவர்களை டெசாரு கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஜொகூரின் கோத்தா திங்கி மாவட்டத்தில், தென்சீனக் கடலை நோக்கி நீண்டு கிடக்கும் மணற்கரை அது. அங்கு உயரமான இருக்கையில் அமர்ந்திருந்த உயிர்காப்பாளரைச் சுட்டி, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், “ஐயா, அவர் ஏன் சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்?” என்று கேட்டான். சிறுவனின் வினாவாயினும் விடை சிறியதன்று. அதற்குச் சென்னைக் கடற்கரையின் பழைய வரலாற்றுக்குச் செல்ல வேண்டும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கும்பினியார் காலத்தில் கப்பல்கள் கரையை அணுக மாட்டாமல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகள் வரிசை வரிசையாக எழுந்து உடைந்தன. மேனாட்டுப் படகுகள் அவ்வலையில் சிதறிப்போயின. அதனைக் கடக்க வல்லது மசூலாப் படகு ஒன்றே. அதன் பலகைகளில் ஆணி கிடையாது. தென்னங்கயிற்றால் தைத்து இணைக்கப்பட்டவை. ஆதலின் அலை அறைந்தபோதும் தரை தட்டியபோதும் படகு உடையாமல் வளைந்து கொடுத்தது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. பயணிகளை ஏற்றிய படகு தனியே செல்லவில்லை. அதனையொட்டிக் கட்டுமரங்களும் சென்றன. படகு கவிழின் நீரில் வீழ்ந்தாரை எடுப்பதே கட்டுமரக்காரரின் வேலை. உயிர் காத்தவர்க்குப் பதக்கம் அளிக்கும் வழக்கம் இருந்ததையும் அக்காலப் பயணக் குறிப்புகள் கூறுகின்றன. கூக்குரல் கேட்டு ஓடி வந்தவர் அல்லர் அவர். இடர் நேருமுன்னரே இடர் நேரும் இடத்தில் இருந்தவர். கடற்கரைக் காவற் கலையின் உயிர்நிலை இதுவே.

ஐரோப்பாவில் 1767 இல் ஆம்ஸ்டர்டாம் நகரிலும், 1774 இல் இலண்டனிலும் நீரில் மூழ்கியோரைப் பிழைப்பிக்கும் சங்கங்கள் தோன்றின. அவை பெரிதும் கருதியது, மூழ்கியவரை வெளியே எடுத்தபின் மூச்சை மீட்பதனையே. கரையில் நின்று காக்கும் அமைப்புகள் ஆஸ்திரேலியாவில் தழைத்தன. சிட்னிக் கடற்கரைகளில் பகலில் நீராடுவதற்கு இருந்த தடை 1900க்குப் பின் தளர்ந்தது. மக்கள் திரண்டனர், மூழ்கி மாண்டோரும் பெருகினர். 1907 இல் பாண்டையில் உயிர்காப்புக் கழகம் அமைந்தது. 1938 பிப்ரவரி 6 ஆம் நாள் அக்கரையில் பேரலைகள் அடுத்தடுத்து எழுந்து, நீராடியோரைக் கடலுக்குள் இழுத்தன. ஏறத்தாழ 250 பேர் மீட்கப்பட்டனர், ஐவர் மாண்டனர். காவலர் பலர் அப்போது கரையில் இருந்திராவிடில் அவ்வெண்ணிக்கை என்னவாகியிருக்கும்!

சிட்னி வீரர்க்குக் கழகமும் ஏடும் உண்டு. நம் கட்டுமரக்காரர் பெயர் எங்கே? சென்னையில் 1875 இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. 1881 ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தும் பணி நிற்கவில்லை. கப்பல்கள் துறைமுகத்தின் உள்ளேயே வரத் தொடங்கியபின் மசூலாப் படகின் தேவை குறைந்தது. உடன் சென்ற காவலும் மறைந்தது. எஞ்சியது ஒரு சொல். ஆங்கில மாலுமி டாம்பியர் 1697 இல் வெளியிட்ட தம் பயண நூலில் எழுதிய ‘கட்டமரான்’, நம் கட்டுமரமே. இன்று இரட்டை உடற் படகுகளையெல்லாம் உலகம் அப்பெயரால் அழைக்கின்றது. நாகப்பட்டினத்திலும் கப்பல்கள் கரைக்கு அப்பாலேயே நின்றன; மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் பலர் படகேறியே கப்பலை அடைந்தனர். கடலோடிகளுக்கு நாமும் கடன்பட்டவர்களே.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். காவலர் ‘சும்மா’ இருக்கவில்லை, நீரைப் படித்துக்கொண்டிருக்கிறார். அலைகள் கரையில் குவித்த நீர், மணல்திட்டின் இடைவெளி வழியே விரைந்து கடலுக்குத் திரும்புவதுண்டு. அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. பார்வைக்கு அமைதியாகத் தோன்றும். அறியாதவர் அதனையே நல்ல இடமென்று இறங்குவர். அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போவர். பதறாமல் மிதந்து கையுயர்த்துவதும், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுவதுமே தப்பும் வழி. சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளின் இடைப்பகுதியே காவலர் கண்காணிக்கும் இடம். தனிச் சிவப்புக் கொடி, இறங்காதே என்னும் ஆணை. நம் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் மிகக் கொந்தளிக்கும். நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறை பலகாலம் அப்பருவத்திலேயே வந்ததை நினைவிற்கொள்க.

உலகில் 2021 இல் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் காற்பங்கினர் ஐந்து வயதும் நிரம்பாத குழந்தைகள். நம் தோட்டத்துப் பிள்ளைகளோ ஆற்றையும் குட்டையையும் அறிவார்கள், கடலை அறியார்கள். ஆற்றில் நீந்திய துணிவு கடலில் பகையாகும்.

ஆசிரியர்களே! பேருந்தில் தலைகளை எண்ணுவதோடு நம் கடமை முடிவதில்லை. புறப்படுமுன் கொடிகளின் பொருளைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவோம். கரையை அடைந்ததும் காவலரிடம் முதலிற் பேசுவோம். காவலர் இல்லாத கரையில் பிள்ளைகளை நீரில் இறக்காதிருப்போம்.

அன்று அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: “தம்பி, அவர் சும்மா இருக்கும் நாளே நல்ல நாள். அந்த நல்ல நாளுக்காகவே அவர் அங்கு இருக்கிறார்.”