சூலியா தெருவுக்கு வந்த மானியங்கள்

நகரங்களின் வீடமைப்புக்கும் சமூக மேம்பாட்டுக்கும் மத்திய அரசாங்கம் ஒதுக்கும் பணத்தை எப்படித் திட்டமிட்டுச் செலவிடுவது? இதுதான் இன்றைய கருத்தரங்கின் கேள்வி. இதற்குப் பதில் தேடி நான் உங்களைப் பினாங்கு சூலியா தெருவுக்கு அழைத்துப் போகிறேன். ஏனென்றால், அரசாங்க மானியம் இந்தத் தெருவுக்குப் புதிதல்ல.

பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் வந்திறங்கி அமைத்த முதல் தெருக்களில் இதுவும் ஒன்று. அன்று இதன் பெயர் மலபார் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே குடியேறினார்கள். 1801-இல் பள்ளிவாசலுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் வழங்கியது. காதிர் முகைதீன் முன்னின்று எழுப்பிய கபித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி, நம் மக்களின் குடியிருப்பும் வளர்ந்தது.

1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த முகமதிய, இந்து அறநிலைய வாரியம் பிறகு நிர்வாகத்தை ஏற்றது. வரவு செலவு ஒழுங்குக்கு வந்தது. பள்ளிவாசலும் கம்பீரமானது. ஆனால், சுற்றியிருந்த வீடுகளில் ஒரு பகுதி அகற்றப்பட்டது. கட்டடம் உயர்ந்தது, குடியிருந்தவர்கள் இடம் பெயர்ந்தார்கள்.

இந்தக் கதை மறுபடியும் நடந்தது. 1948-க்கு முன் கட்டப்பட்ட கடைவீடுகளின் வாடகையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1997-இல் அந்தச் சட்டம் ரத்தானது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது சலுகைக் காலமும் முடிந்தது. வாடகை ஏற, தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள்.

2008 ஜூலை 7-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானது. மத்திய அரசாங்கம் கஸானா நிறுவனத்தின் வழியாக 2 கோடி வெள்ளி ஒதுக்கியது. அதை நிர்வகிக்க 2009-இல் திங்க் சிட்டி உருவானது. பழைய கட்டடங்களைச் சீரமைக்க மானியங்கள் கிடைத்தன. நல்ல காரியம்தான்! ஆனால், 2009-இல் பாரம்பரிய வட்டாரத்தில் 10,159 பேர் வசித்ததாகச் சொன்ன கணக்கெடுப்பு, 2013-இல் 9,425 பேர் என்றது. இதற்கு மானியத்தைக் குறை சொல்ல முடியாது. சொத்து விலையும் வாடகையும் அதைவிட வேகமாக ஓடின.

அமெரிக்காவில் 1974-இல் தொடங்கிய சமூக மேம்பாட்டு மானியத்தில் ஒரு விதி உண்டு. திட்டத்தை முடிவு செய்யும் முன் நகரவாசிகளின் கருத்தைக் கேட்க வேண்டும். பணத்தின் பெரும்பகுதி குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும்.

நாமும் அப்படிக் கேட்கலாமே! கூரைக்கு மானியம் கொடுக்கும்போது, அந்தக் கூரையின் கீழ் இருப்பவருக்கு எத்தனை ஆண்டு வாடகை உத்தரவாதம் என்று கேளுங்கள். கடை அடைத்த பிறகும் மாடியில் விளக்கு எரிந்தால்தான் அது தெரு. சூலியா தெருவில் அந்த விளக்குகள் அணையாமல் இருக்கட்டும்.