டான்டேயின் மறுதொடக்கம்

எதிரிக் கூட்டத்தை வாளால் இடைவிடாது வெட்டிச் சாய்ப்பதையே உயிராகக் கொண்ட காணொளி விளையாட்டு வகைக்கு, ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2001-இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளியிட்ட 'டெவில் மே க்ரை' முப்பரிமாணத்தில் இலக்கணம் வகுத்தது. ஹிடேகி கமியா இயக்கிய அவ்வாட்டம், 'ரெசிடென்ட் ஈவில்' என்னும் திகில் தொடரின் நான்காம் பாகமாகத் தொடங்கித் தடம் மாறியதாகும். நான்கு பாகங்களுக்குப் பின், கதையையும் நாயகனையும் அடியிலிருந்து மீண்டும் புனையும் 'மறுதொடக்கம்' என்ற முறையை நாடிய கேப்காம், அப்பணியை இங்கிலாந்தின் நிஞ்சா தியரி நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2013-இல் வந்த அம்மறுதொடக்க ஆட்டத்தில் நாயகன் டான்டேயின் வெள்ளி முடி கறுத்திருந்ததே பழைய ரசிகர்கள் பலரைக் கொதிக்க வைத்தது. சண்டை அமைப்பு செம்மையாகவே இருந்ததால் அச்சினம் சற்று மிகைதான். 2019-இல் ஹிடேயாகி இட்சுனோ இயக்கிய ஐந்தாம் பாகம், மறுதொடக்கத்தை விடுத்துப் பழைய கதையையே தொடர்ந்தது.