கதாநாயகியின் படிப்பு என்ன ஆயிற்று?

புளியந்தோப்பிலிருந்து தெற்கே வந்து சென்ட்ரல் ரயில் நிலையத்தைத் தாண்டினால் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கு மாணவிகள் வெள்ளை அங்கியுடன் நடமாடுவது இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால் 1875ஆம் ஆண்டு நான்கு பெண்கள் அக்கல்லூரியில் சேர்ந்தபோது அது பெரும் புதுமை. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்துப் பெண்கள் பலர் சிகிச்சையின்றி மடிந்த காலம் அது. ஆகவே பெண் மருத்துவர் அன்றைய அவசரத் தேவை.

இந்தப் புதிய பெண்ணை இலக்கியம் எப்படி வரவேற்றது?

அகமத்நகரில் 1862இல் பிறந்த கிருபாபாய், 1878இல் இக்கல்லூரியில் சேர்ந்தார். முதலாண்டுக்குப் பின் உடல்நலம் குன்றியதால் படிப்பை விட நேர்ந்தது. சென்னையில் அவர் தங்கியிருந்த பாதிரியார் சத்தியநாதனின் இல்லத்து மகன் சாமுவேலைப் பின்னர் மணந்தார். தம் வாழ்வையே கருவாகக் கொண்டு ஆங்கிலத்தில் அவர் எழுதிய நாவல் 'சகுணா'. 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் அது தொடராக வந்தது. நூலாக வெளிவந்த 1895ஆம் ஆண்டைக் காண அவர் உயிரோடில்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

சகுணா அறிவுத் தாகம் கொண்டவள், மருத்துவம் பயில்பவள். நோயால் படிப்பு நின்றபின் கதை காதலையும் இல்லறத்தையும் நோக்கி நகர்ந்து நிறைவு பெறுகிறது. படிப்பைத் தடுத்தது நோய்தான், காதல் அன்று. ஆயினும், அதற்குப் பின் வந்த எத்தனையோ காதல் கதைகளில் மணமாலை விழுந்ததும் கதாநாயகியின் படிப்பு மறக்கப்பட்டுவிடுகிறது.

நடைமுறை வாழ்க்கையும் அப்படித்தானா? 1875இல் சேர்ந்த அந்த நால்வருள் ஒருவரான மேரி ஷார்லிப் ஏற்கெனவே மணமானவர், குழந்தைகளின் தாய். சென்னையில் படிப்பை முடித்து, லண்டனில் மேற்படிப்பும் முடித்து 1883இல் திரும்பினார். 1885இல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனையைச் சென்னையில் தோற்றுவித்தார். இன்று திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதன் வழிவந்ததே. நாவல்கள் காட்டத் தயங்கிய வாழ்க்கையை இந்நகரம் முன்பே கண்டுவிட்டது!

கிருபாபாய் மறைந்தபின் சாமுவேலை மணந்த கமலா சத்தியநாதன், 1901இல் சென்னையில் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். 1905இல் அவ்விதழில் ஒரு விந்தையான கதை வெளிவந்தது. எழுதியவர் வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா. கணவரின் ஊக்கத்தால் ஆங்கிலக் கல்வியைத் தொடர்ந்தவர். கதையின் பெயர் 'சுல்தானாவின் கனவு'.

அக்கதையில் பெண்களே நாட்டை நடத்துகிறார்கள். அவர்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று, பலூனைக் கொண்டு வானிலிருந்தே நீரைச் சேகரிக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. எதிரிப் படை வந்தபோது அவ்வெப்பத்தைக் குவித்தே அதை விரட்டுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் சாரா என்பவள் இரண்டே மணி நேரத்தில் அன்றைய வேலையை முடித்துவிடுகிறாள். இதில் காதலும் இல்லை, கல்யாணமும் இல்லை.

இது வெறும் கற்பனையா? குழிந்த கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்து நீராவி எந்திரத்தை இயக்கலாம் என்பதை 1878 பாரிஸ் கண்காட்சியிலேயே ஃபிரெஞ்சு ஆசிரியர் மூஷோ செய்து காட்டியிருந்தார். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்தால் நீராகும் என்பது பள்ளிப் பாடம். ரொக்கேயாவின் கனவு விஞ்ஞானத்தின் மீதே எழுந்தது.

'சகுணா', பெண் படிக்கப் போன கதை. 'சுல்தானாவின் கனவு', படித்த பெண் என்ன செய்வாள் என்ற கதை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள். இரண்டையும் வெளியிட்டவை சென்னை இதழ்கள்.

காதலும் விஞ்ஞானமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மேரி ஷார்லிப்பின் வாழ்வே அதற்குச் சான்று. எனவே, விஞ்ஞானம் படிக்கும் கதாநாயகியைக் கொண்ட காதல் நாவல் எதையேனும் படித்து முடித்ததும், அவளுக்கு மணமாயிற்றா என்பதோடு நிற்காதீர்கள். அவள் படிப்பு என்ன ஆயிற்று என்றும் கேட்டுப் பாருங்கள்.