எழுதாமல் விட்ட செய்தி

செய்தித் தணிக்கை என்றவுடன், பத்திரிகைப் பிரதியில் வரிகளை வெட்டும் ஓர் அரசாங்க உத்தியோகத்தரையே நாம் நினைத்துக்கொள்கிறோம். இலங்கையில் அதற்கு வழிவகுத்தது 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். 1958 மே மாதத்தில், இனக்கலவரத்தின்போது அவசரகால நிலை பிரகடனமாயிற்று, பத்திரிகைகள் தணிக்கைக்குட்பட்டன. அக்கலவரம் பற்றிப் பத்திராதிபர் தார்சி விட்டாச்சி எழுதிய நூல் இலண்டனில் வெளிவந்தது; இலங்கையிலோ தடைசெய்யப்பட்டது. 1961இல் திருகோணமலைக் கச்சேரியின் முன்னும் சத்தியாக்கிரகம் நடந்தது. ஏப்ரலில் அவசரகால நிலை வந்தது. தணிக்கையும் உடன் வந்தது.

இத்தகைய தணிக்கைக்குச் சட்டம் உண்டு, திகதி உண்டு. ஆணையிட்டவர் யாரென்று கேட்கவும் இடமுண்டு. இவையெதுவும் இல்லாத வேறொரு தணிக்கையும் உளது.

2006 ஜனவரி 2ஆம் திகதி, படைத்தளங்கள் சூழ்ந்த திருகோணமலையில், கடற்கரைக் காந்தி சிலையருகே ஐந்து மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்ததெனப் படைத்தரப்புக் கூறிற்று. ‘சுடர் ஒளி’ நாளிதழின் நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த நிழற்படங்களோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. ஆயுதக் குழுக்களின் அத்துமீறல்களையும் அவர் எழுதினார். அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1998இல் விதிக்கப்பட்ட போர்ச் செய்தித் தணிக்கை 2001ஆம் ஆண்டிலேயே நீங்கியிருந்தது. ஆயினும், ஒரு நிருபர் வீழ்ந்த ஊரில் ஏனையோர் தமக்குத் தாமே தணிக்கையாளர் ஆகின்றனர். முதலில் பெயரை விடுவர்; பின்னர் ‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லுக்குள் ஒதுங்குவர்; ஈற்றில் செய்தியையே விடுவர். இவ்வச்சம் சாட்சிகளையும் பற்றிக்கொள்ளும். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும், போதிய சாட்சியம் இன்மையால் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

வெட்டப்பட்ட வரியைச் சரித்திர ஆசிரியன் ஆவணங்களிடையே என்றேனும் கண்டெடுக்கக்கூடும். அச்சத்தால் எழுதப்படாத வரிக்கு ஆவணமே இல்லை. சுகிர்தராஜனின் படங்கள் அச்சேறியமையால் கைக்குண்டுக் கதை நிலைக்கவில்லை. அவரும் அன்று வாளாவிருந்திருப்பின், படைத்தரப்பின் கூற்றை மறுக்க அத்தகைய சான்று பத்திரிகையில் ஏறியிராது.