மதுரையை விடப் பக்கம், யாழ்ப்பாணம்

சென்னைக்கு எது பக்கம், மதுரையா யாழ்ப்பாணமா? நேர்கோட்டில் அளந்து பார்த்தேன். மதுரை ஏர்போர்ட் சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி ஏர்போர்ட் சுமார் 355 தான்!

1947 டிசம்பர் 10. ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை வழியா மெட்ராஸ் வந்தது. காங்கேசன்துறைன்னு அப்போ சொன்னது பலாலியைத்தான். விமானம் ஒரு டகோட்டா. மணிக்கு 270 கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டா, அங்கிருந்து மெட்ராஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள வந்துடலாம்.

அப்புறம் போர் வந்தது. பலாலி ராணுவத் தளமாச்சு. சுத்தியிருந்த கிராமத்து மக்கள் 1990-ல வெளியேற வேண்டியதாச்சு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போகணும்னா, ஜெட் விமானத்தில் அதையும் தாண்டித் தெற்கே கொழும்பு போகணும்; பிறகு ராத்திரி முழுக்க பஸ்ஸில் வடக்கே திரும்பி வரணும். போர்க்காலத்தில் அந்த ஏ-9 சாலையும் பல வருஷம் மூடிக் கிடந்தது.

2019 நவம்பரில் சென்னை–பலாலி விமானம் மறுபடி வந்தது. கொரோனாவில் நின்னு, 2022 டிசம்பரில் திரும்பவும் ஆரம்பிச்சது. இப்பவும் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளதான்.

யாராவது யாழ்ப்பாணம் ரொம்ப தூரம்னு சொன்னா, எந்த வருஷத்துலன்னு கேளுங்க.